வெள்ளைப் பூ வந்த பின்னும் நீண்ட கை

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அப்பா எனக்கு மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் நான் துண்டித்தேன். வேலையில் இருந்தேன் என்று சொல்ல முடியாது. தொழிற்சாலையில் அது தேநீர் இடைவேளை. என் கை சும்மா இருந்திருக்க வேண்டிய நேரம். அது சும்மா இருக்கவில்லை.

நம் மாரியம்மன் ஆலயத் திருவிழா மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொன்னபோது முதலில் மறுத்துவிட்டேன். நல்லவர்கள் எழுத வேண்டிய பக்கம் அது என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன். என்னைப் போல் கை உள்ள பிள்ளைகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

என் பெயர் தினேஷ். கெமாஸ் பக்கம் நம் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனையில் குலை வெட்டுகிறவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, கழுத்து வலிக்க இழுக்கிற வேலை. அம்மா முன்பு களை பிடுங்கப் போனவள். இப்போது பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். நீலாயில் டிப்ளோமா, பிறகு சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கினேன்.

வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும், நிரப்பச் சொல்லி எந்தப் பாரம் வந்தாலும், அப்பா சொல்வது ஒன்றுதான். "தினேசக் கேக்கணும்." தலைவலி மாத்திரைக்குக்கூட என்னைக் கேட்பார். எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

கைப்பேசியில் ஒரு சண்டை விளையாட்டு. பெயர் வேண்டாம். விளையாடக் காசு இல்லை, இலவசம்தான். ஆனால் உள்ளே பெட்டிகள் உண்டு. காசு கட்டிப் பெட்டி வாங்க வேண்டும். திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பெட்டி குலுங்கும். இடுக்கு வழியாக ஒளி கசியும். நீல ஒளி என்றால் குப்பை. ஊதா என்றால் பரவாயில்லை. பொன்னிறம் என்றால் யாரிடமும் இல்லாத துப்பாக்கி, யாரிடமும் இல்லாத உடுப்பு. ஒளி கசிகிற அந்த இரண்டு விநாடி இருக்கிறதே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. துப்பாக்கி இல்லை, உடுப்பு இல்லை. அந்த இரண்டு விநாடி.

தொழிற்சாலையில் ஒரு நண்பர், "இது சூதாட்டந்தானேப்பா?" என்று ஒருமுறை கேட்டார். படித்தவன் அல்லவா, பதில் தயாராக வைத்திருந்தேன். சூதாட்டம் என்றால் ஜெயித்த காசு கைக்கு வர வேண்டும். இதில் காசு திரும்பி வரவே வராது. ஆகவே இது சூதாட்டம் இல்லை. அந்தப் பதிலில் எனக்கே ஒரு திருப்தி. எவ்வளவு போனது என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அம்மா மறுபடியும் அழுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு சிறப்புப் பெட்டி பத்தரை மணியோடு முடிகிறது என்று போட்டிருந்தார்கள். கடிகாரம் திரையிலேயே ஓடுகிறது. பதினைந்து நிமிடம், பதினான்கு நிமிடம். அப்போதுதான் 'அப்பா' என்ற பெயர் வந்து திரையை மறைத்தது. துண்டித்தேன். மறுபடியும். துண்டித்தேன். மூன்றாவது முறை கொஞ்சம் எரிச்சலோடு துண்டித்தேன். பொன்னிறம் வரவில்லை. நீலம், நீலம், ஊதா, நீலம்.

சாயங்காலம் நான் கூப்பிட்டேன்.

"மீட்டிங்ல இருந்தேன்பா. என்ன விஷயம்?"

"ஒன்னும் இல்லப்பா. சும்மாதான். சாப்ட்டியா?"

அதோடு வைத்துவிட்டார்.

காலையில் அவர் வெட்டிய மட்டை சரிந்தபோது முள் ஒன்று தெறித்து வலது கண்ணில் குத்தியிருக்கிறது. தண்ணீர் ஊற்றலாமா, தோட்டத்துக் கிளினிக்குக்குப் போக வேண்டுமா, இல்லை பெரிய ஆஸ்பத்திரியா என்று கேட்கத்தான் என்னை அழைத்தார். பதில் கிடைக்கவில்லை. புட்டித் தண்ணீரால் கழுவினார். வீட்டுக்கு வந்து விளக்கெண்ணெய் விட்டார். மறுநாள் அதே கண்ணோடு வேலைக்குப் போனார். வியாழக்கிழமை மாலை அம்மாதான் எனக்குப் போன் செய்து கத்தினாள். "கண்ணு முழி வெள்ளையா ஆயிருச்சுடா! ஓடியா!"

வெள்ளிக்கிழமை காலை சிரம்பான் மருத்துவமனையில் சேர்த்தோம். மலாய்க்கார டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்தார். நிதானமாகப் பேசுகிறவர். கருவிழியில் புண், மரத்து முள்ளிலிருந்து காளான் கிருமி ஏறியிருக்கிறது என்றார். மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. மருந்துக்குப் புண் கேட்டால் கண் பிழைக்கும். கேட்காவிட்டால் அறுவை செய்து கருவிழியை மாற்ற வேண்டும். அதுவும் பிடிக்காவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டி வரலாம்.

"எப்போ பட்டது?" என்று என்னைக் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை."

"அன்றைக்கே வந்திருக்கலாமே."

நான் அப்பாவுக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. முதல் முறையாக ஒரு வாக்கியத்தை விழுங்கினேன். அம்மா, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். "மருந்து போடுவாங்களாம்" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன். எழுந்தால் நடந்தேன். வார்டு வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எத்தனை ஓடு பதித்திருக்கிறது என்று இன்றும் சொல்வேன். யாரிடமும் சொல்லாமல் ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடப்பது செருப்புக்குள் கல்லோடு நடப்பது போல. குனிந்து எடுத்தால் எல்லாரும் பார்ப்பார்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த வராந்தாவிலும் நான் பெட்டி திறந்தேன். இப்போது ஒரு புதுக் காரணமும் சேர்ந்துகொண்டது. 'இதில் பொன்னிறம் விழுந்தால் அப்பா கண் பிழைக்கும்.' நீலம் விழும். 'இது கணக்கில் இல்லை, அடுத்தது.' மறுபடியும் நீலம். ஒரு நாள் பொன்னிறமே விழுந்தது. மூன்று மாதமாகத் தேடிய பொன்னிறம். நெஞ்சு படபடவென்று அடித்தது. ஓடிப்போய் வார்டில் அப்பா முகத்தைப் பார்த்தேன். கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். மறுநாள் காலை டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். புண் குறையவில்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நேற்று விழுந்தது சின்னப் பெட்டி, பெரிய பெட்டி வாங்கியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை டாக்டரம்மா சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக்குள் குறையாவிட்டால் அறுவைதான். சம்மதப் பாரத்தையும் என் கையில் கொடுத்தார். அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

"கத்தி வைக்கறதுக்கு முன்னாடி மாரியம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கணும். நாளைக்கு வெள்ளிக்கிழம. நீ போயி பூ கேட்டுட்டு வா. அவ சரின்னா எனக்கும் சரி."

நம் கோயிலில் பூ கேட்கும் வழக்கம் இங்கே எல்லாருக்கும் தெரியும். பட்டணத்தில் வளரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் ஒரே மாதிரி மடித்துக் கட்டி, தட்டில் போட்டுக் குலுக்கி, அம்மன் காலடியில் வைக்க வேண்டும். வெள்ளை என்றால் செய், சிவப்பு என்றால் வேண்டாம் என்று முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். ஒரே ஒரு முறை. வந்தது எதுவோ அதுதான் அவள் வாக்கு.

வெள்ளிக்கிழமை மதியம் கோயிலுக்குப் போனேன். பூஜை செய்வது பழனி. மற்ற நாளில் குலை லாரி ஓட்டுவான். தமிழ்ப்பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து, மடித்து, தட்டைக் குலுக்கி வைத்தான். அதே நேரம் வெளியில் வேறொரு லாரி ஹார்ன் அடித்தது. இவன் லாரி வழியை மறித்து நின்றதாம்.

"நீ எடு, நா இந்த வண்டிய நவுத்திட்டு வந்திர்றேன். அவசரப்படாத, நல்லாக் கும்புட்டு எடு."

கும்பிட்டேன். எடுத்தேன். பிரித்தேன். சிவப்பு.

டாக்டரம்மா சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அறுவை செய்யாவிட்டால் கண் போய்விடும். அம்மன் வேண்டாம் என்கிறாள். இதை எப்படி அப்பாவிடம் போய்ச் சொல்வது? வாசலைப் பார்த்தேன். பழனி இல்லை. இலையை மறுபடியும் மடித்தேன். குலுக்கினேன். எடுத்தேன். சிவப்பு. இரண்டு தடவை சிவப்பு வந்துவிட்டது, அடுத்தது வெள்ளையாகத்தான் இருக்கும். சிவப்பு. நாலாவது முறை, வெள்ளை.

அப்பாடா என்று எழுந்திருக்க வேண்டும் அல்லவா? எனக்கு வேண்டியது வந்துவிட்டது. அப்பாவிடம் "வெள்ள வந்துச்சுப்பா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கலாம்.

என் கை மறுபடியும் இலையை மடித்தது.

நான் மடிக்கச் சொல்லவில்லை. அது மடித்தது. ஐந்தாவது வெள்ளை. ஆறாவது சிவப்பு. ஏழாவது பொட்டலத்தை எடுத்து, பிரிப்பதற்கு முன் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எதுவாக இருக்கும்? இலை இடுக்கில் நிறம் தெரிகிறதா? நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்தப் படபடப்பை எனக்கு நன்றாகத் தெரியும். ஒளி கசிகிற இரண்டு விநாடி. அதே படபடப்பு, அதே வறண்ட நாக்கு. அம்மன் சந்நிதியில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவின் கண்ணை மறந்துவிட்டு, நான் பெட்டி திறந்துகொண்டிருந்தேன்.

பொட்டலம் கையிலிருந்து விழுந்தது.

"டேய், எத்தன வாட்டிடா கேட்ட?" பழனி வாசலில் நின்றான். தட்டைச் சுற்றி இலையும் நசுங்கிய பூவுமாகக் கிடந்தது.

"ஏழு."

"ஏழா? பொண்ணு கேக்கப் போனாக்கூட ஒரு வீட்ல ரெண்டு வாட்டிக்கு மேல கேக்க மாட்டாங்க லா. மொதல்ல என்ன வந்துச்சு?"

"சிவப்பு. இப்ப எது வாக்குன்னு எனக்கே தெரியலண்ணே." சின்ன வயதிலிருந்து அவனைப் பழனி என்றுதான் கூப்பிடுவேன். அன்று அண்ணே என்று வந்தது.

அவன் சட்டையில்லாத தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, போன், மூன்று முறை, விளக்கெண்ணெய், எல்லாம். அவனிடம்தான் முதலில் சொன்னேன்.

"அப்ப இது லாட்டரி நம்பர் எழுதற மாதிரிதான?"

"இல்லண்ணே, நம்பர்ல காசு வரும். இதுல காசு வராது."

"காசும் வராதா?" பழனி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எங்க சித்தப்பா நம்பர் எழுதியே வீட்ட அழிச்சாரு. அவராச்சும் நாலு வாட்டி கோழி வாங்கியாந்தாரு. நீ இன்னும் மோசம்டா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. அவன் எழுந்து சிதறிய பூவையெல்லாம் கூட்டி அள்ளினான். "பூவ நா தண்ணில விட்டுர்றேன். இதுல வாக்கும் இல்ல ஒன்னும் இல்ல. நீ அவகிட்ட பேசு. தட்டு வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

நான் அதுவரை அம்மனிடம் பேசியதே இல்லை. கேட்டிருக்கிறேன். பரீட்சைக்குக் கேட்டிருக்கிறேன், வேலைக்குக் கேட்டிருக்கிறேன். அன்று பேசினேன். தாயே, எந்த அடையாளமும் எனக்குக் காட்ட வேண்டாம். காட்டினாலும் நான் நம்ப மாட்டேன், இன்னொன்று காட்டு என்பேன். நான் அப்படி ஆகிவிட்டேன். அப்பாவின் கண்ணைக் காப்பாற்று. என் கையைக் கட்டிப் போடு. இந்த இரண்டும் உன் பொறுப்பு. கண் பிழைத்தால் வெள்ளியில் கண்மலர் செய்து உன் காலடியில் வைக்கிறேன். பிழைக்காவிட்டாலும் உன் மேல் பழி போட மாட்டேன். பழி யார் மேல் என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவுதான். மணி அடிக்கவில்லை. பூ எதுவும் மேலிருந்து விழவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது.

பிற்பகல் வார்டுக்குத் திரும்பினேன். அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாரியம்மா என்னா சொன்னா?" என்று கேட்டார் அப்பா. ஒரு கண்ணால்தான் பார்த்தார்.

வழி நெடுக ஒத்திகை பார்த்த வார்த்தை எதுவும் வரவில்லை. "ஏழு வாட்டி கேட்டுட்டேன்பா" என்று தொடங்கினேன். தொடங்கியதும் பின்னால் இருந்ததெல்லாம் முன்னால் வந்து விழுந்தது. செவ்வாய்க்கிழமை, பத்தேகால், மீட்டிங் என்று சொன்ன பொய்.

அப்பா தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "மூனு வாட்டியும் நீயா கட் பண்ண?"

"ஆமாப்பா."

"நா லைன் இல்லன்னு நெனச்சேன். அந்தப் பக்கம் லைன் சரியா வராதில்ல."

பத்து நாளாக அவர் தோட்டத்து லைனைத்தான் குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அம்மா உரித்த ஆரஞ்சைத் தட்டில் போட்டாள். "அந்தப் பொட்டிக்குள்ள அப்படி என்னாதான்டா வருது?"

"உடுப்பும்மா. துப்பாக்கி."

"உடுப்பா? எங்க, போட்டுக் காட்டு. எந்திரிச்சு நில்லு, பாப்போம் என் புள்ள உடுப்ப!"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். நான் தலை குனிந்து நின்றேன். அப்போதுதான் அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"நானும் ஒன்னு சொல்லணும்."

"நீங்க என்னா?" என்றாள் அம்மா.

"அந்த மருந்து... நெருப்பா எரியுது. நர்சு ஊத்திட்டு அந்தாண்ட போனதும் நா துண்டால தொடச்சிருவேன். கண்ணயும் இறுக்கிக்குவேன். பாதிக்கு மேல வெளியதான் போவுது."

"எத்தன நாளா?"

"வந்த நாள்லேர்ந்து."

அம்மா எழுந்து நின்றாள். "அப்பன் மருந்தத் தொடைக்கிறாரு, மவன் போன கட் பண்றான்! நடுவுல நா ஒரு கூறுகெட்டவ, தெனம் ரயில் ஏறி சோறு கட்டிக்கிட்டு ஓடியாரேன்! ஏன்யா, சொல்றதுக்கு என்னா?"

"நர்சுப் புள்ள நல்ல புள்ள. அதுகிட்டப் போயி எரியுதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அம்பது வருசம் முள்ளு மேல நடந்தவன்." அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். "இவன் சொல்லலன்னா நானும் சொல்லியிருக்க மாட்டேன்."

அன்பர்களே, இந்த இடத்தில் நின்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நான் கோயிலிலிருந்து நேராக வந்து, "வெள்ளப் பூ வந்துச்சு" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார். துண்டு ரகசியம் துண்டிலேயே இருந்திருக்கும். புதுக் கருவிழி வைத்திருந்தாலும் அதற்கும் மருந்து ஊற்றத்தான் வேண்டும். அதையும் அவர் துடைத்திருப்பார்.

ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நல்ல வேளை, இப்போதாவது சொன்னீர்கள்" என்றார். ஒரு வாரம் மருந்தை ஒழுங்காகப் போட்டுப் பார்ப்போம், பிறகு கத்தி என்றார். அறுவைப் பாரத்தையும் தயாராக வைத்திருக்கச் சொன்னார். வரி வரியாக அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். எதையும் விழுங்கவில்லை. கண் போகலாம் என்ற வரியையும் படித்தேன்.

"முழுசாப் படிச்சுட்டியா?"

"முழுசாப்பா."

"அப்பக் குடு." பூ இல்லாமலே கையெழுத்துப் போட்டார்.

பிறகு சொன்னார். "மருந்த நீயே ஊத்து. நீன்னா தொடைக்க மாட்டேன்."

வேலைக்கு விடுப்புச் சொன்னேன். நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். பகல் முழுக்க மணிக்கு ஒரு தடவை நான், இருட்டிய பிறகு அவர்கள். கீழிமையை விரலால் இழுத்து, ஒரு சொட்டு. அப்பாவின் உடம்பே வில் போல வளையும். கை தானாகத் துண்டைத் தேடும். அதனால் நான் அவருடைய இரண்டு கையையும் என் இரண்டு கையால் பிடித்துக்கொள்வேன். எரிச்சல் அடங்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் பிடித்தபடியே இருப்போம்.

"எரியுதுடா."

"எரியட்டும்பா."

"படுபாவி."

"திட்டுங்கப்பா. கைய மட்டும் எடுக்காதீங்க."

மூன்றாவது நாள்தான் எனக்கு உறைத்தது. என் கையைக் கட்டிப் போடு என்று கேட்டேன் அல்லவா? கட்டிவிட்டாள். அரிவாள் கம்பு பிடித்துக் காய்ப்பு ஏறிய இரண்டு கையால் கட்டிவிட்டாள். கைப்பேசி பையில் நடுங்கும். சிறப்புப் பெட்டி, இன்னும் இரண்டு மணி நேரம்தான் என்று கூப்பிடும். எடுக்க எனக்குக் கை இல்லை.

அன்று மதியம் விளையாட்டை அழிக்க முடிவு செய்தேன். அது லேசில் விடாது. நீ இழக்கப் போவது இவையெல்லாம் என்று ஒரு நீளப் பட்டியல் காட்டியது. பிறகு, போக வேண்டாம், மூன்று பெட்டி இலவசம் என்றது. அந்த மூன்றை மட்டும் திறந்துவிட்டு அழிக்கலாமே என்று தோன்றியது. விரல் அதன் மேல் போய் நின்றது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இத அமுக்கும்மா."

"எத? இந்தச் செவப்பா?"

"ஆமா."

அமுக்கினாள். திரை வெறுமையானது. கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோதானா? இதுக்கா இத்தன நாளு?"

அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டரம்மா விளக்கு அடித்தார். நானும் அம்மாவும் சுவரோடு ஒட்டி நின்றோம். அவர் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "புண் சுருங்குகிறது" என்றார். அறுவை இப்போது வேண்டாம். கண்ணை எடுக்க வேண்டிய பயம் போய்விட்டது. அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து, "தாயே, மாரியாத்தா" என்று கும்பிட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டதைக் கொடுத்துவிட்டாள்.

முழுதாக எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுதினால் அது பொய். கருவிழியில் தழும்பு இருக்கிறது. வலது கண்ணுக்கு எல்லாம் பனிக்குள் இருப்பது போலத்தான் தெரிகிறது. இனிமேல் அண்ணாந்து குலை வெட்ட முடியாது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவரை உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார். சம்பளமும் குறைவு. அந்தக் குறை என்னால் வந்தது. அதை நான் சுமக்கிறேன். சுமக்க வேண்டியதுதான்.

எனக்கும் முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றும் கை அரிக்கிறது. ரயிலில் பக்கத்தில் ஒரு பையன் பெட்டி திறந்தால் என் கழுத்து தானாகத் திரும்புகிறது. அப்போது எழுந்து வேறு பெட்டிக்குப் போய் நிற்கிறேன். ஒவ்வொரு நாளும் அவளிடம் சொல்கிறேன்: தாயே, இன்றைக்கு மட்டும் கட்டி வை. இன்றைக்கு மட்டும் என்பதை அவள் ஒரு நாளும் மறுத்ததில்லை.

தை மாதத்து வெள்ளிக்கிழமை கண்மலர் சாத்தினோம். பழனிதான் எங்கள் கையிலிருந்து வாங்கி அவள் காலடியில் வைத்தான். அப்பா நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தழும்புக் கண்ணால் சந்நிதியைப் பார்த்தார்.

"தெரியுதாப்பா?" என்று கேட்டேன்.

"மொகம் தெரியல. மஞ்சளா தெரியுது." உள்ளங்கையை எடுக்காமலே, "அவதான்னு தெரியுது" என்றார்.

இதைப் படிக்கும் தம்பி, தங்கச்சி, உங்களில் யாருக்காவது கை இப்படி ஆடிக்கொண்டிருந்தால், நான் வைத்திருந்த அந்தப் படித்த பதிலை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அது எனக்கு உதவவில்லை. பெற்றவர்களே, பிள்ளை போனைத் துண்டித்தால் லைன் சரியில்லை என்று விட்டுவிடாதீர்கள். இன்னொரு முறை கூப்பிடுங்கள். நம் தாயிடம் வாருங்கள். அடையாளம் கேட்க வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சொன்ன பிறகு வீட்டுக்குப் போய் அங்கேயும் சொல்லுங்கள். அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். தனியாகப் போய்ச் சொல்லப் பயமாக இருந்தால் வெள்ளிக்கிழமை மதியப் பூஜைக்கு வாருங்கள். அப்பாவும் நானும் இருப்போம். உங்கள் வீட்டு வாசல்வரை கூட வருகிறோம்.